முதலாளி நாங்களே என்றால் கணக்கு யாரிடம்?

"முதலாளி இல்லாமல் நாங்களே ஒரு தொழிற்சாலையை நடத்த முடியாதா?" மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தக் கேள்வியோடு வருபவர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் தைத்துவிட்டு வெளியேறிய பெண்கள், அரிசி ஆலை மூடப்பட்டதும் வேலையை இழந்தவர்கள், தறியைக் கைவிட மனமில்லாத நெசவாளர்கள் எனப் பலரும் கேட்கிறார்கள். நான் ஒரு கணக்காளன். சிறு தொழில்களுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பதும், கணக்காய்வுக்கு அவர்களைத் தயார்படுத்துவதும் என் வேலை. முடியும் என்றுதான் அவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் கூட்டத்தில் கை தூக்குவதால் மட்டும் ஒருவர் உரிமையாளராகிவிட மாட்டார். மாதக் கணக்கைப் பார்த்து, புரியாத இடத்தில் நிறுத்தி, "இது என்ன?" என்று கேட்கும் நிலைக்கு வரும்போதுதான் தொழிற்சாலை அவருடையதாகிறது.

இந்தப் பேச்சை எடுத்தவுடன் எங்கள் பகுதியில் இரண்டு பழைய நினைவுகள் குறுக்கே வந்து நிற்கும். ஒன்று வாழைச்சேனைக் காகித ஆலை. 1956 இல் தொடங்கி, வயலில் எரித்துவிடும் வைக்கோலைக் காகிதமாக்கி, பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது. பின்னாளில் அது முடங்கியதைச் சுட்டிக்காட்டி, "பொதுச்சொத்து இப்படித்தான் போகும்" என்பார்கள். அந்த ஆலை அரசுக்குச் சொந்தமானது. என்ன இயந்திரம் வாங்குவது, யாரை முகாமையாளராக வைப்பது என்பவற்றை அங்கே உழைத்தவர்கள் தீர்மானிக்கவில்லை.

மற்றது சங்கக்கடை. 1970களின் தொடக்கத்தில் ஊர்ச் சங்கங்களை ஒன்றாக்கிப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தபோது, பணிப்பாளர் சபைக்கு அரசே ஆட்களை நியமிக்கத் தொடங்கியது. கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்குச் சங்கம் என்பது இன்னொரு அரசாங்கக் கந்தோராகவே மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் தொழிலாளர்களே உரிமை கொண்டு நடத்தும் தொழிற்சாலை இந்த இரண்டிலும் சேராது.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொன்ட்ராகோன் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே வந்த ஒரு கத்தோலிக்கக் குருவானவர், ஹோசே மரியா அரிஸ்மென்டியாரியெட்டா, 1943 இல் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்த ஐந்து இளைஞர்கள் 1956 இல் மண்ணெண்ணெய் அடுப்பு செய்யும் ஒரு தொழிலை ஆரம்பித்தார்கள். 1959 இல் தங்களுக்கென ஒரு வங்கியையும் அமைத்துக்கொண்டார்கள். இன்று அந்தக் கூட்டுறவுக் குழுமத்தில் ஏறத்தாழ 70,000 பேர் வேலை செய்கிறார்கள். பொதுச்சபையில் ஆளுக்கு ஒரு வாக்கு. பொதுச்சபை நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்யும். அந்தக் குழு முகாமையாளரை நியமிக்கும். முதலில் பள்ளி, அதன் பிறகுதான் தொழிற்சாலை என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. பீடித் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வசதிகளை உறுதிசெய்து இந்தியாவில் 1966 இல் ஒரு சட்டம் வந்தது. கேரளா அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், கண்ணூர்ப் பகுதியில் பீடி சுற்றுவித்த பெரிய முதலாளிகள் கடையை மூடிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே அடியாகத் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் 1969 இல் தொடங்கியதுதான் தினேஷ் பீடிக் கூட்டுறவு. உச்சத்தில் 30,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள். பீடி உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதன் விற்பனை சரிந்தபோது அவர்கள் உணவுப்பொருள், குடை என்று வேறு உற்பத்திகளுக்கு மாறினார்கள். நான் அவர்களிடம் எடுத்துக்கொள்வது வேறொன்று. கண்ணூர்ப் பீடிக் கூடங்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசித்தவருக்குக் கூலி குறையாமல் இருக்க அவருடைய பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். வேலை நேரத்திலேயே விடயம் அறிந்துகொள்ளும் உரிமையைத் தங்கள் உழைப்பால் வாங்கிய மனிதர்கள் அவர்கள்.

இந்தப் பழக்கம் எங்களுக்கும் புதிதல்ல. திருவிழா முடிந்து கோயில் கணக்கு வாசிக்கும் நாளில் கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரை யாராவது சும்மா விட்டிருக்கிறார்களா? பூவுக்கு இவ்வளவா, மேளகாரருக்குக் கொடுத்த முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எங்கே, மிஞ்சிய எண்ணெய் எந்தக் கணக்கில் போனது என்று கடைசி வரிசையில் இருப்பவரும் எழுந்து கேட்பார். அதே மனிதர் தன் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையை வாசித்து முடிக்க முதலே, "ஏற்றுக்கொள்கிறோம்" என்று கை தூக்குகிறார். கோயில் கணக்கு அவருக்கு விளங்குகிற பாஷையில் இருக்கிறது. ஐந்தொகை அப்படி இல்லை. அதை விளங்க வைப்பது என்னைப் போன்றவர்களின் பொறுப்பு.

அம்பாறைக் கரையோரத்தில் ஒரு கைத்தறிக் குழுவின் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வருடக் கணக்கை நான் வாசித்து முடித்ததும் ஒரு நெசவுப் பெண் எழுந்தார். "சேர், இலாபம் மூன்று இலட்சம் என்று சொன்னீர்கள். வங்கியிலும் பெட்டியிலும் சேர்த்து முப்பதாயிரம்கூட இல்லை. மிச்சம் எங்கே?" தலைவிக்கு முகம் சிவந்துவிட்டது, தன்னைக் கள்ளி என்று சொல்வதாக நினைத்துவிட்டார். நான் பேரேட்டை மேசையில் விரித்துக் கடன்பட்டோர் பக்கத்தைக் காட்டினேன். கொழும்புக் கடை ஒன்றுக்குக் கடனுக்கு அனுப்பிய சேலைகள். அதற்குக் கீழே, அலுமாரியில் கிடக்கும் நூல் இருப்பு. இலாபம் அங்கேதான் இருந்தது, துணியாகவும் நூலாகவும் அடுத்தவர் கடனாகவும். அந்தப் பெண் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: "கடைக்காரருக்கு நாங்கள் மூன்று மாதத் தவணை கொடுக்கிறோம். நூல்காரர் எங்களுக்கு ஒரு கிழமையாவது தருகிறாரா?"

ஒரு நிதி முகாமையாளர் கேட்கவேண்டிய கேள்வி அது. அன்றே அந்தக் குழு, மூன்றில் ஒரு பங்கு முற்பணம் வராமல் கொழும்புக்குச் சரக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானம் எழுதியது.

இலாபத்தைப் பிரிக்கும் இடத்தில்தான் அதிகமான சங்கங்கள் உடைகின்றன. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தறி, சாயத்தொட்டி எல்லாம் சேர்த்து 20 இலட்சம் ரூபாய் பெறுமதி, பத்து வருடம் உழைக்கும் என்று வையுங்கள். வருட முடிவில், சம்பளம் எல்லாம் கொடுத்தபின், 6 இலட்சம் மிஞ்சுகிறது. "பிரித்துத் தாருங்கள்" என்பார்கள். ஆனால் அதில் 2 இலட்சம் யாருடைய இலாபமும் இல்லை. அது இந்த வருடம் தறி தேய்ந்த கணக்கு, பெறுமானத்தேய்வு. அதை எடுத்து வைக்காவிட்டால், பத்தாவது வருடம் தறி உடையும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஆக மிச்சம் 4 இலட்சம். அதில் பாதியை எவரும் தனித்துக் கேட்க முடியாத பொது ஒதுக்கத்தில் போடுங்கள். மற்ற 2 இலட்சத்தை, வேலை செய்த மணித்தியாலத்தின்படி பங்கிடுங்கள். எல்லோருமாக 16,000 மணித்தியாலம் உழைத்திருந்தால் மணிக்கு 12 ரூபாய் 50 சதம் வரும். 1,800 மணித்தியாலம் உழைத்தவருக்கு 22,500 ரூபாய்; குழந்தை பிறந்ததால் பாதி வருடம் வராத 900 மணித்தியாலக்காரிக்கு 11,250 ரூபாய்.

அந்தத் தொகையையும் அப்படியே கையில் கொடுத்துவிட வேண்டியதில்லை. மொன்ட்ராகோனில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனி மூலதனக் கணக்கு உண்டு. வருடப் பங்கு அந்தக் கணக்கில் ஏறும், அதற்கு வட்டி கிடைக்கும், முதல் தொகை ஓய்வுபெறும்போது கைக்கு வரும். அதுவரை தொழிற்சாலை அந்தக் காசில் இயங்கும். எங்கள் ஊர் வறுமைக்கு முழுவதையும் முடக்குவது சரிவராது. ஒரு பகுதியைத் தைப்பொங்கலுக்கோ பெருநாளுக்கோ கையில் கொடுத்து, மீதியை உறுப்பினரின் பெயரில், அவர் வைத்திருக்கும் சிறு புத்தகத்தில் பதியச் சொல்வேன். விலகிப்போகும் உறுப்பினருக்கு அந்தத் தொகையை எத்தனை தவணையில் கொடுப்பது என்பதை உபவிதியில் முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒரே மாதத்தில் நான்கு பேர் விலகி முழுத்தொகையும் கேட்டால் நல்ல தொழிற்சாலையும் சாய்ந்துவிடும்.

கிழக்குக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின்னும், 2009 இல் யுத்தம் முடிந்த பின்னும் நன்கொடையாக ஏராளமான இயந்திரங்கள் வந்தன. பல இப்போது துருப்பிடித்துக் கிடக்கின்றன. சும்மா கிடைத்தது என்பதால் அவற்றுக்குப் பெறுமானத்தேய்வு எழுதவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இயந்திரம் யார் தந்ததாக இருந்தாலும் தேயும். தந்த நிறுவனம் திரும்பி வந்து இன்னொன்று தரப்போவதில்லை.

ஆலை மூடப்பட்டு வெளியேறியவர்கள், புதிய தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு முன் பழைய பாக்கியை வாங்கவேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடமானால், 1971 இன் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஐந்து வருடம் பூர்த்தியானவருக்கு 1983 இன் 12 ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், சேவை பத்து வருடம் என்றால் 2 இலட்சம். வெற்றுத்தாளில் கையெழுத்து வைத்துவிட்டு இதை இழந்த பெண்கள் பலர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

சில நாடுகளில் இந்தப் பாக்கியே தொழிற்சாலையை வாங்கும் முதலாகிறது. இத்தாலியில், வேலையிழந்தோர் தங்களுக்குரிய உதவிப்பணத்தை முன்கூட்டியே பெற்று, மூடப்படும் ஆலையை வாங்கச் சட்டம் வழிசெய்கிறது. ஆர்ஜென்டினாவில் 2001 நெருக்கடியின்போது கைவிடப்பட்ட ஆலைகளைத் தொழிலாளர்கள் எடுத்து நடத்தினார்கள். நெயுக்கேன் மாகாணத்தில் தரையோடு செய்யும் சனோன் தொழிற்சாலை அவற்றில் பெயர்பெற்றது. வங்குரோத்தான ஆலையைத் தங்களுக்கு வரவேண்டிய பாக்கியைக் கொண்டே வாங்க 2011 இல் அங்கும் சட்டம் திருத்தப்பட்டது. இலங்கையில் அப்படியொரு ஏற்பாடு வரவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் உரத்துக் கேட்கவேண்டும். அதுவரை, பணிக்கொடை முழுவதையும் ஒரே தொழிலில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உங்கள் புதிய சங்கத்திலும் முதல் மாதத்திலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதத்தையும் சங்கத்தின் 12 வீதத்தையும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதத்தையும் கட்டுங்கள். "நாங்களே முதலாளி, எங்களுக்கு எதற்கு" என்ற பேச்சு முதுமையில் சுடும்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாக. கம்பனியாகப் பதிந்தால் வழமையாக வாக்கு பங்குக்கு. காசுள்ள ஒருவர் பங்குகளை வாங்கிக்கொண்டே போனால் பழைய கதைதான். கூட்டுறவில் வாக்கு ஆளுக்கு. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் பின் கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயம் என்பதால் கிழக்கு மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தைத்தான் நாடவேண்டும்.

சங்கம் வளர்ந்த பின் வரும் நோய் வேறு. ஓர்டர் கூடும், நாட்கூலிக்கு ஆள் எடுப்பார்கள், அந்த ஆட்கள் வருடக்கணக்காக உறுப்பினராகாமலே இருப்பார்கள். பழைய பத்துப் பேர் சின்ன முதலாளிகளாகிவிடுவார்கள். ஒரு வருடம் பரீட்சித்துப் பார்த்து, தகுதியானவரை உறுப்பினராக்கும் விதி கட்டாயம் வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கலாம். மொன்ட்ராகோனின் மூத்த தொழிலின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச்சாதன நிறுவனம், 2008 இல் வீடு கட்டும் தொழில் சரிந்த பின் விற்பனையை இழந்து, 2013 இல் வங்குரோத்தானது. அங்கு உறுப்பினராக இருந்தவர்களில் பெரும்பாலோரைக் குழுமத்தின் மற்றக் கூட்டுறவுகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன, அல்லது முன்கூட்டிய ஓய்வு கொடுத்தன. தனியாக நிற்கும் ஒரு சங்கத்துக்கு அந்தத் தாங்கல் கிடைக்காது. மருதமுனையின் நெசவும் மட்டக்களப்பின் தையலும் ஆளுக்கொரு திசையில் நிற்காமல், நூல் வாங்குவதிலும் விற்பதிலுமாவது ஒன்றாகவேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருவது இதனால்தான்.

இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை: ஒவ்வொரு மாதமும் சம்பள நாளன்று, வேலை நேரத்தில், அரை மணித்தியாலம் கணக்கு வாசியுங்கள். கையில் உள்ள காசு, எங்களுக்கு வரவேண்டியது, நாங்கள் கொடுக்கவேண்டியது, இருப்பு, விற்பனை, சம்பளம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாசிப்பவரை மாதம்தோறும் மாற்றுங்கள். பொருளாளர் மட்டுமே வாசித்தால் பொருளாளருக்கு மட்டுமே விளங்கும்.

புதிய இயந்திரத்துக்கு வங்கிக் கடன் எடுக்கும்போது அந்த அரை மணித்தியாலம் போதாது, தனிக்கூட்டம் வையுங்கள். வங்கி பெரும்பாலும் இரண்டு மூன்று பேரின் தனிப்பட்ட பிணைக் கையெழுத்தைக் கேட்கும். வீட்டு உறுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அடுத்த நாளிலிருந்து மற்றவர்களைவிடப் பெரிய உரிமையாளராக நடக்கத் தொடங்குவார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. கடன் தவறினால் போவது அவர் வீடு. எல்லோரும் சேர்ந்து பிணை நிற்க முடியுமா, இயந்திரத்தையே ஈடாக வைக்க முடியுமா என்று முதலில் வங்கி முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த வருடம் கடன் எடுக்காதீர்கள். பழைய தறியைப் பழுதுபார்த்து ஓட்டுங்கள். மேலே பார்த்த கற்பனைக் கணக்கின்படி, வருட முடிவில் பெறுமானத்தேய்வுக்கு எடுத்துவைத்ததில் இன்னும் 2 இலட்சம் சேர்ந்திருக்கும், கேட்கவேண்டிய கடனும் அந்தளவுக்குக் குறைந்திருக்கும்.