அமெரிக்கக் காடுகளுக்குக் கைத்துப்பாக்கி: எதை வாங்கலாம் என்பதை விதிகளே முடிவு செய்கின்றன

மான், காட்டுப்பன்றி வேட்டைக்கும், கரடி நடமாடும் மலைப்பாதையில் தற்காப்புக்கும் சேர்த்து வலுவான ஒரு செமி-ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கி (ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் வகை) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி, மாடல் என்றுதான் விசாரணையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே மூன்று விஷயங்கள் தேர்வை முடித்துவிடுகின்றன: உங்கள் விசா, வேட்டையாடப் போகும் மாநிலம், துப்பாக்கியோடு நடக்கப் போகும் நிலம். இந்த வரிசையில் பார்த்தால் பணமும் மிஞ்சும், வழக்கும் வராது.

விசாவில் இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அங்குள்ள மத்தியச் சட்டத்தின் பொது விதி. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். தண்டனை 15 ஆண்டுகள் வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடுகடத்தலுக்கும் அதுவே காரணமாகிவிடும். நம்மவர்களில் பலர் இதை அறியாமலேயே வார இறுதியில் ரேஞ்சுக்குப் போகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் எச்-1பியில் இருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது தடையை நீக்காது.

இந்தத் தடைக்குச் சட்டமே ஒரு விலக்கு தருகிறது. அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் தடை பொருந்தாது. குடியிருக்கும் மாநிலத்தின் உரிமமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உரிமம் எடுக்கப் பல மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்கும், கொலராடோவில் 1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும். ஒரு மாநிலத்தில் வாங்கிய வகுப்புச் சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்கின்றன.

சிக்கல் வருவது உரிமம் முடியும் நாளில். பென்சில்வேனியா உரிமம் ஜூன் 30 அன்றும், டெக்சாஸ் ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 அன்றும் முடிகிறது. மறுநாள் காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியும் தோட்டாப் பெட்டியும் சட்டவிரோதமாகிவிடும். சலுகைக் காலம் எதுவும் கிடையாது. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பித்து, பிரதியைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி எச்-4 என்றால் (மறுதலையாகவும்) பெட்டகத்தின் சாவியோ எண்ணோ விசாவில் இருப்பவரிடம் இருக்கக் கூடாது, அல்லது அவரும் வேட்டை உரிமம் எடுத்துவிட வேண்டும். தன் கட்டுப்பாட்டில் இருந்தாலே வைத்திருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கடையில்

கடையில் வாங்குவதானால் கைத்துப்பாக்கியைக் குடியிருக்கும் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற கடையில்தான் பெற முடியும். வேறு மாநிலத்தில் பிடித்துப்போனால் உங்கள் ஊர்க் கடைக்கு அனுப்பச் சொல்லி அங்கே பெற்றுக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்வி நேரடியாகவே வரும். ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எண்ணும் வேட்டை உரிமமும் கையில் இருக்கட்டும். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். புது முகவரியுள்ள வாகனப் பதிவு போன்ற அரசு ஆவணம் ஒன்றைச் சேர்த்துக் காட்டினால் போதும்.

குழல் நீளத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்

10 எம்எம் ஆட்டோ, .45 சூப்பர், .460 ரோலண்ட், டெசர்ட் ஈகிளில் வரும் .44 மேக்னம், .50 ஏஇ ஆகியவைதான் இந்த வகையில் பேசப்படும் தோட்டா அளவுகள். தூக்கி நடக்கக்கூடிய எடை, கடையில் கிடைக்கும் தோட்டா, 15 தோட்டா பிடிக்கும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) என்று எல்லாம் சேர்ந்து வருவது 10 எம்எம்மில்தான். டெசர்ட் ஈகிள் இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கும். நாள் முழுக்க நடப்பவர்களுக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது வாயு விசையில் (சுடும்போது எழும் வாயுவின் அழுத்தத்தில்) இயங்குவது என்பதால் கொலராடோவில் 2026 ஆகஸ்ட் 1 முதல் அதை வாங்கப் பயிற்சியும் ஷெரிஃப் வழியாகப் பெறும் தகுதி அட்டையும் தேவை. பின்னுதைப்பில் இயங்கும் சாதாரண 10 எம்எம் கைத்துப்பாக்கிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

இனி மாநில விதிகள். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குச் செமி-ஆட்டோ கைத்துப்பாக்கியே கூடாது. ரிவால்வர் போல ஒவ்வொரு முறையும் கையால் இயக்குவதுதான் அனுமதி. அங்கே வேட்டையாடுபவர்கள் 10 எம்எம் ஆசையை விட்டுவிடலாம்.

ஒஹையோவில் மானுக்குக் குழல் குறைந்தது 5 அங்குலம், தோட்டா .357 அல்லது அதற்கு மேல், அதுவும் நேர்ச்சுவர்த் தோட்டா (கூடு கழுத்தில் குறுகாமல் நேராக இருப்பது). 10 எம்எம் தோட்டா இதில் தேறிவிடும். ஆனால் அதிகம் விற்கும் 10 எம்எம் துப்பாக்கியான கிளாக் 20-இன் குழல் 4.6 அங்குலம்தான், எனவே அந்தத் துப்பாக்கி தேறாது. 6 அங்குலக் குழலுள்ள கிளாக் 40 தேறும். ஏற்கெனவே 20 வாங்கிவிட்டவர்கள் 6 அங்குல மாற்றுக் குழல் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும். ஸ்லைடுக்கு (குழலை மூடி, சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதிக்கு) வெளியே குழல் சற்று நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறையை மட்டும் சரிபார்த்து வாங்க வேண்டியிருக்கும்.

விஸ்கான்சினில் 5.5 அங்குலம் வேண்டும். அளப்பது குழல்முனையிலிருந்து ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) வரை, துப்பாக்கி மூடிய நிலையில். இந்த அளவுமுறையில் 4 அங்குல ரிவால்வருக்குச் சுழல் உருளையின் நீளமும் கூடிவிடும். செமி-ஆட்டோவின் குழல் அளவில் தோட்டா அறை ஏற்கெனவே அடங்கியிருப்பதால் கூடுவதற்கு எதுவும் இல்லை. எனவே இங்கும் கிளாக் 40 மாதிரியான நீளக் குழல்தான்.

கொலராடோ 4 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் 50 கெஜத் தூரத்தில் 550 அடி-பவுண்டு ஆற்றல் கேட்கிறது. கணக்கு எளிது: தோட்டாத் தலையின் எடையைக் கிரெயினிலும் (தோட்டாவுக்கான சிறு எடை அளவு), வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 4,50,437ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 200 கிரெயின் தலை 50 கெஜத்தில் சுமார் 1,113 அடி வேகத்திலும், 180 கிரெயின் சுமார் 1,173 அடி வேகத்திலும் போக வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 180 கிரெயின் பயிற்சித் தோட்டா குழல்முனையிலேயே 1,030 அடி அளவில்தான் கிளம்புகிறது. அது 424 அடி-பவுண்டு. 50 கெஜம் போவதற்கு முன்பே தோற்றுவிட்டது. '10 எம்எம்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காமல், 50 கெஜத்துக்கான எண்ணைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

மேகசின் அளவையும் மறக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் 10 தோட்டா, கொலராடோவில் 15 தோட்டா உச்ச வரம்பு.

இரண்டு வேலைக்கு ஒரே தோட்டா சரிவராது

கரடிக்கு ஆழமாகத் துளைக்க வேண்டும் என்பதற்காக 200 அல்லது 220 கிரெயின் ஹார்ட்-காஸ்ட் ஈயத் தோட்டாக்களைப் பலரும் எடுத்துச் செல்கிறார்கள். அது விரியாத தோட்டா. கொலராடோ போன்ற மாநிலங்களில் பெரிய விலங்கு வேட்டைக்கு விரியும் தோட்டாதான் சட்டம். மேகசினில் ஹார்ட்-காஸ்ட் போட்டபடி மானைச் சுட்டால் விதிமீறல். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயமில்லாத தோட்டா மட்டுமே. அங்கே செம்புத் தோட்டாவை வாங்குங்கள். வேட்டைக்கு ஒரு மேகசின், முகாமுக்கு வேறொரு மேகசின் என்று பிரித்து, அடியில் நிறநாடா ஒட்டி வைப்பது நல்ல பழக்கம்.

ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய கிளாக் குழல்களின் உட்புறத்தில் சுழலாக ஓடும் பள்ளங்கள் பலகோண வடிவில் இருக்கும். அவற்றில் உறையில்லாத ஈயம் படிந்து அழுத்தம் ஏறும் அபாயம் உண்டு. தயாரிப்பாளரே வேண்டாம் என்கிறார். உலோக உறையிட்ட கனமான தோட்டா, அல்லது சாதாரணப் பள்ளமுள்ள மாற்றுக் குழல், இரண்டில் ஒன்று.

செமி-ஆட்டோவுக்கே உரிய இரண்டு கோளாறுகள் கரடிக்கு முன்னால் உயிரோடு விளையாடும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். விழுந்து கிடந்து ஒற்றைக் கையால் சுடும்போது இது எளிதில் நேரும். மேலே பாய்ந்த விலங்கின் உடலில் குழல்முனையை அழுத்தினால் ஸ்லைடு சற்றுப் பின்னகர்ந்து டிரிகர் வேலை செய்யாமல் போகலாம். ரிவால்வரில் இந்த இரண்டும் இல்லை. எனவே எடுத்துச் செல்லப் போகும் அதே தோட்டாவில் இரண்டு மூன்று பெட்டியாவது, ஒற்றைக் கையாலும் இடக்கையாலும் சுட்டு, ஒரு முறைகூடச் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகே அந்தச் சேர்க்கையை நம்புங்கள்.

நடக்கும் நிலம் யாருடையது

2010 பிப்ரவரி 22 முதல் தேசியப் பூங்காக்களுக்குள், அந்த இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். யெல்லோஸ்டோன் வயோமிங், மொன்டானா, ஐடஹோ மூன்றிலும் பரவியிருக்கிறது. ஐடஹோவில் அனுமதிச் சீட்டின்றி மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை, படையில் பணிபுரிபவர்கள் நீங்கலாக, குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை இடுப்பு உறையை மறைத்துவிடுவதால் பலர் மார்பு உறையைப் பயன்படுத்துகிறார்கள். மழை பிடித்து மேலே ஜாக்கெட்டை மாட்டியதும் வெளிப்படையாக இருந்தது மறைத்து எடுத்துச் செல்வதாக மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். பார்வையாளர் மையம், ரேஞ்சர் அலுவலகம் போன்ற மத்தியக் கட்டடங்களுக்குள் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை, வாசலில் பலகை இருக்கும். பூங்காவுக்குள் பயிற்சிக்காகச் சுடுவதும் கூடாது.

தேசியக் காடுகளில் சுடலாம், ஆனால் வீடு, கட்டடம், முகாம் தளம் ஆகியவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள்ளும், வனத்துறைச் சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்கேயும் கூடாது. பழங்குடி நிலங்களுக்கு அவரவர் தனி விதி. முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

கரடி ஸ்ப்ரேயையும் (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பு) சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். முதலில் கைக்கு எட்ட வேண்டியது அதுதான். விமானத்தில் எந்தப் பையிலும் அதற்கு இடமில்லை, போய் இறங்கிய ஊரில் வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அதற்கும் தடை.

பயணமும், சுட நேர்ந்தால் செய்ய வேண்டியதும்

விமானத்தில் துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு, பூட்டிய கடினப் பெட்டியில், செக்-இன் பையாக, கவுன்டரில் அறிவித்த பிறகே போக முடியும். அலாஸ்காவுக்குக் காரில் போகத் திட்டமிட்டால் வழியில் கனடா குறுக்கிடுகிறது. விலங்குகளிடமிருந்து தற்காப்பு என்ற காரணத்துக்குக் கைத்துப்பாக்கியைக் கனடா அனுமதிப்பதில்லை. எல்லையில் பறிமுதலும் வழக்கும்தான் மிஞ்சும். விமானத்தில் அனுப்புங்கள், அல்லது வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து அலாஸ்காவின் கெட்சிகனுக்குக் கனடாவில் நிற்காமல் போகும் படகைப் பிடியுங்கள்.

அலாஸ்கா தவிர்த்த தொடர் மாநிலங்களில் கிரிஸ்லி கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிரைக் காக்கச் சுட்டிருந்தால் 5 நாட்களுக்குள் மீன், வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உடலை நகர்த்தாமல் விட்டுவிட்டு வெளியேறி உடனே அழைப்பதுதான் பாதுகாப்பு. அலாஸ்காவில் நேர்மாறு: நகங்களோடு தோலையும் மண்டையோட்டையும் உரித்தெடுத்து மாநிலத்திடம் ஒப்படைத்து, 15 நாட்களுக்குள் எழுத்துமூலப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். உணவையோ குப்பையையோ திறந்து போட்டுக் கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு வாதம் அங்கே எடுபடாது.