கடைசி வீட்டில் ஏன் விளக்கு மங்குகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் இருந்த எங்கள் தோட்டத்தில், லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அம்மா கிரைண்டரைப் போட்டதும் கூடத்துக் குண்டு பல்பு ஒரு கணம் சோர்ந்து, பிறகு நிமிரும். டிரான்ஸ்பார்மருக்கு அடுத்திருந்த கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் அப்படி நடந்ததே இல்லை. "கரண்ட் வருகிற வழியிலேயே களைத்துப்போகிறது" என்பார் பாட்டி. அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி.

களைப்பு இரண்டு வகை. செம்பனைக் குலைகள் ஏற்றிய தள்ளுவண்டியைச் சேற்றில் தள்ளியவர்களுக்கு முதல் வகை தெரியும்: சேறு உழைப்பைத் தின்றுவிடும், திருப்பித் தராது. கம்பியில் அதுதான் மின்தடை. தின்ற ஆற்றல் வெப்பமாகிறது. அதே வண்டியைச் சிமெண்டுத் தரையில் முன்னும் பின்னுமாக விடாமல் ஆட்டிப் பாருங்கள். உராய்வு குறைவுதான், ஆனாலும் கை வலிக்கும். பாரம் கிளம்ப மறுக்கும். கிளம்பியபின் நிற்க மறுக்கும். வேகமாக ஆட்ட ஆட்ட முரண்டு கூடும். நம் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 முறை போய்த் திரும்புகிறது. கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலம் ஒவ்வொரு மாற்றத்தையும் எதிர்க்கிறது. வாங்கிய ஆற்றலை அது திருப்பித் தந்துவிடும். ஆனால் அதற்குள் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கிவிடும். இது மின்மறுப்பு.

இரண்டும் சேர்ந்தது மின்னெதிர்ப்பு, அதாவது இம்பீடன்ஸ். ஆனால் 3 ஓம் தடையும் 4 ஓம் மறுப்பும் சேர்ந்தால் 7 ஆகாது, 5 ஓம்தான். கொத்தனார் 3 அடி, 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி என்பாரே, அதே கணக்கு. இரண்டும் விழுங்கும் மின்னழுத்தங்கள் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியில் இருக்கும். 1886இல் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் இந்த மின்னெதிர்ப்புக்கு இம்பீடன்ஸ் என்று பெயர் வைத்தார். எட்டே ஆண்டுகளில், 1894இல், சிலாங்கூரின் ரவாங்கில் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் பூட்டிவிட்டார்கள். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்தில் ஒரு தமிழர் பெயர் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்குகிறது.

கிரைண்டருக்கு வருவோம். டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் வீடுவரை போய்வரும் கம்பியின் மின்னெதிர்ப்பு 0.4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கிளம்பும் கணத்தில் ஆறு மடங்கு, 18 ஆம்பியர், இழுக்கக்கூடும். 18ஐ 0.4ஆல் பெருக்கினால் 7.2 வோல்ட். 230 வோல்ட்டில் அது சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் குண்டு பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகச் சரியும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். கிராணி வீட்டுக்குக் கம்பி குட்டை, இழப்பும் சொற்பம்.

பழைய லைன்களில் வெற்றுக் கம்பிகள் விலகி விலகிப் போகும். இடைவெளி கூடினால் காந்தப்புலத்துக்கு இடம் கூடும், மறுப்பும் கூடும். உறையிட்ட கம்பிகளை முறுக்கி ஒரே கட்டாகத் தொங்கவிட்டால் அது வெகுவாகக் குறைகிறது.

அதற்காக மின்னெதிர்ப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. டிரான்ஸ்பார்மரின் தகட்டில் அதன் மின்னெதிர்ப்பாக 4 விழுக்காடு போன்ற ஓர் எண் பொறித்திருக்கும். அதன் முனையிலேயே ஷார்ட் சர்க்யூட் ஆனால் முழுச்சுமையைப் போல 25 மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாயாது என்று பொருள். 100ஐ 4ஆல் வகுத்த விடை அது. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்களே பிய்ந்துபோகும்.

என் கவலை, எர்த் கம்பி இறங்கும் மண்ணின் எதிர்ப்பைப் பற்றியது. துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகி, அதன் இரும்பு உடலில் மின்சாரம் இறங்கி, எர்த் கம்பி வழியே நிலத்துக்குப் போகிறது. அந்த வழியின் எதிர்ப்பு 10 ஓம் என்றால் பாய்வது 23 ஆம்பியர். 32 ஆம்பியர் பியூஸ் அசையாது. இயந்திரம் தொடுபவருக்காகக் காத்து நிற்கும். இ.எல்.சி.பி., அதாவது கசிவு கண்டதும் மின்சாரத்தை அறுக்கும் விசை, அப்படிக் காத்திருக்காது. போகிற மின்னோட்டத்துக்கும் திரும்புகிற மின்னோட்டத்துக்கும் 0.1 ஆம்பியர் வேறுபாடு வந்தாலே அறுத்துவிடும் வகை உண்டு, 0.03 ஆம்பியருக்கே அறுப்பதும் உண்டு. அதன்மேல் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசை விழாவிட்டால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.