மாலை எத்தனை மணிக்கு வரும்?

சிராங்கூன் சாலைப் பூக்கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "மாலை ஆறு மணிக்கு வந்துவிடும்." வருவது பூமாலையா? அல்லது, கேட்டிருந்த உதிரி மல்லிகை சாயங்காலம் வருகிறதா? இலக்கணப்படி இரண்டும் சரி. பூமாலை என்றால் இன்னொரு சிக்கல்: அது காலை ஆறா, மாலை ஆறா? நேரில் பேசினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. பூமாலையைச் சொல்பவர் "மாலை" என்றதும் சற்று நிறுத்துவார். நேரத்தைச் சொல்பவர் "மாலை ஆறு மணிக்கு" என்று ஒரே மூச்சில் முடிப்பார். எழுத்தில் அந்த நிறுத்தம் இல்லை. முன்னால் என்ன கேட்டோம் என்பதைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

அதே வரியிலுள்ள "ஆறு" யாரையும் குழப்புவதில்லை. பக்கத்தில் "மணிக்கு" நிற்கிறது. வேற்றுமை உருபும் கைகொடுக்கும்: நதி "ஆற்றில்" ஆகும், எண் "ஆறில்" ஆகும். "மாலை"க்கு அந்த வசதி கிடையாது. மாலையில் மழையும் பெய்யும், மாலையில் மல்லிகையும் இருக்கும்.

சூழல் தெளிவாக இருந்தால் மூளை சரியான பொருளை மட்டும் எடுக்கும் என்றுதான் தோன்றும். 1979இல் உளமொழியியல் ஆய்வாளர் டேவிட் ஸ்வின்னி வெளியிட்ட சோதனை வேறு மாதிரிச் சொன்னது. ஆங்கிலத்தில் "பக்ஸ்" என்றால் பூச்சிகள், ஒட்டுக்கேட்கும் கருவிகளும்தான். பூச்சியைத் தெளிவாகச் சுட்டும் வாக்கியத்தில் அந்தச் சொல் காதில் விழுந்த உடனே, திரையில் ஒரு சொல் தோன்றும். பூச்சி சார்ந்த சொல்லோ உளவு சார்ந்த சொல்லோ, இரண்டையுமே மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். மூன்று அசை தள்ளிக் காட்டியபோது பூச்சிக்கு மட்டுமே அந்த வேகம் இருந்தது. அதாவது, எல்லாப் பொருளும் முதலில் திறக்கின்றன; பொருந்தாததைச் சூழல் பிறகு மூடுகிறது.

கணினி இதைக் கற்கச் சிறிது காலம் பிடித்தது. சொற்களை எண்களாக மாற்ற 2013இல் வந்த வேர்ட்2வெக் முறையில் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசை. பூவும் பொழுதும் அதற்குள்ளேயே கலந்து கிடக்கும். 2017இல் அறிமுகமான டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணினி மொழி அமைப்பு, அக்கம்பக்கத்துச் சொற்களுக்கு வெவ்வேறு எடை கொடுத்து அந்த எண்வரிசையை வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றிக் கணக்கிடுகிறது.

பக்கத்தில் சொல்லே இல்லையென்றால் அதுவும் ஊகிக்கத்தான் வேண்டும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில், அறிவிப்புக்கான சொற்களை அட்டவணையில் கட்டம் கட்டமாகப் போட்டு மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால், "மூடு", "அருகில்" என இரு பொருள் தரும் ஆங்கில "க்ளோஸ்" தனியாக நின்றால், கதவில் "அருகில்" என்று வந்து உட்கார வாய்ப்புண்டு. முழு வாக்கியத்தைக் கொடுங்கள். அது கதவில் ஒட்டப்போவதா, வரைபடத்தில் வரப்போவதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.