மானில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை எண்ணுவது எப்படி?

நோர்வேயில் இருக்கும் அக்காவின் மகன் இந்த ஆவணியில் திருகோணமலைக்கு வந்திருந்தான். அங்கே வேட்டைக்காரர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான், செப்டம்பர் கடைசியில் வேலையிடத்து ஆட்களோடு எல்க் வேட்டைக்குப் போகப்போகிறான். எல்க் என்றால் நம்முடைய மரையை விடப் பெரிய காட்டுமான். கூட்டாளி ஒருவரிடம் இரவல் வாங்கிய லேசர் தூரமானி ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான், ஒரு கண்ணால் பார்த்து, பொத்தானை அமத்தினால் எதிரே இருப்பது எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று சொல்லும். வந்த இரண்டாம் நாளே கேள்வியோடு வந்துவிட்டான்: "மாமா, பெட்டியில ஆயிரம் மீற்றர் எண்டு போட்டிருக்கு. மானைப் பார்த்து அமத்தினா முந்நூறுக்கே ஒண்டும் காட்டுதில்லை. நான் சொந்தமா வாங்கேக்க எதைப் பார்த்து வாங்குறது?"

வேட்டை எனக்குப் பிடித்த காரியம் இல்லை. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது, அது அப்படியே இருக்கவேண்டும். நோர்வேயில் கதை வேறு. அங்கே எத்தனை எல்க்கைச் சுடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு, சுடுபவர் ஒவ்வொரு வருடமும் 100 மீற்றரில் ஐந்து வெடி வைத்து ஐந்தும் உயிர்நிலையில் படுகிறது என்று காட்டித்தான் வேட்டைக்குப் போகமுடியும். தூரம் பிழைத்தால் மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடிப்போய்ச் சித்திரவதைப்பட்டுச் சாகும். அதனால் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் போனோம். மான்கள் வாழும் பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அதற்குள் நின்று இப்படியான கருவிகளைத் தூக்கிப் பார்ப்பது சரியில்லை. ஆனால் கோட்டைப் புள்ளிமான்கள் வெயில் தணிந்ததும் ஊருக்குள்ளும் கடற்கரைக்கும் தாங்களாகவே வந்துவிடும். (சனம் எறிந்துவிட்டுப் போகும் பொலித்தீன் பைகளை அவை தின்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சாப்பாட்டைச் சுற்றிவந்த பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் என்ன?) மணலோரத்தில் நின்ற ஒரு கிடாயைப் பார்த்து மருமகன் பொத்தானை அமத்தினான். வெறும் கோடுகள்தான் வந்தன. திரும்பவும் அமத்தினான், அதே கோடுகள். பிறகு அதையும் தாண்டி வீதியோரம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் நம்பர் பிளேட்டைப் பார்த்து அமத்தினான். அமத்திய கையோடு 412 என்று காட்டியது.

அவனுடைய கேள்விக்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். கருவிக்குள் இருக்கும் லேசர் இருவாயி (டயோட்) கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டித் துடிப்பை அனுப்புகிறது. வேட்டைக்கு விற்கும் பெரும்பாலான கருவிகளில் அதன் அலைநீளம் 905 நனோமீற்றர், ரி.வி. ரிமோட்டின் வெளிச்சத்துக்குச் சொந்தக்காரன். அது போய்ப் பட்டுத் தெறித்துத் திரும்பிவரும் நேரத்தை அளந்து, ஒளியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் பிரித்தால் தூரம். ஒளி செக்கனுக்கு 299,792,458 மீற்றர் போகும், ஆகவே 300 மீற்றரில் நிற்கும் மானுக்குப் போய்வர இரண்டு மைக்ரோசெக்கன். ஒரு நனோசெக்கன் பிசகினால் 15 சென்ரிமீற்றர் பிசகும். இவ்வளவு சின்ன நேரத்தை அளக்கும் மின்சுற்றுகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன, அதனால் நேரத்தை அளப்பது இன்றைக்குப் பெரிய சிக்கல் இல்லை.

வெளிச்சம் திரும்பி வருவதுதான் சிக்கல். ஒரு துடிப்பில் சுமார் ஒரு மைக்ரோயூல் சக்தி என்று வையுங்கள், அதில் ஏறக்குறைய 5 இலட்சம் கோடி போட்டான்கள், அதாவது ஒளித் துணிக்கைகள், இருக்கும். மானின் தோலும் மயிரும் கண்ணாடி இல்லையே, பட்ட வெளிச்சத்தில் ஒரு பங்கை உறிஞ்சிவிட்டு மிச்சத்தை எல்லாத் திசையிலும் வாரி இறைக்கும். 300 மீற்றர் தள்ளி நிற்கும் உங்கள் கருவியின் வில்லை 25 மில்லிமீற்றர் அகலம்தான், அதாவது நம்முடைய பழைய ஒரு ரூபாய்க் குற்றி அளவு. பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மயிர் மூன்றில் ஒரு பங்கைத் தெறிக்கவைத்தால்கூட, போன 5 இலட்சம் கோடியில் வில்லைக்குள் வந்து நுழைவது மூவாயிரத்துக்கும் குறைவு. 600 மீற்றரில் அது காற்பங்காகிவிடும். நம்பர் பிளேட்டோ, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதற்கென்றே செய்த பொருள், சாதாரணப் பரப்பை விட நூற்றுக்கணக்கான மடங்கு வெளிச்சத்தை நம் பக்கம் அனுப்பும். பெட்டியில் பெரிய எழுத்தில் அடிக்கும் ஆயிரம் மீற்றர் இப்படியான தெறிப்புப் பலகைக்கான தூரம். மானுக்கான தூரம் கையேட்டுக்குள் சின்ன எழுத்தில் இருக்கும், பல வேளைகளில் அதில் பாதி, சிலவேளை அதிலும் குறைவு. வாங்கும்போது அந்தச் சின்ன எழுத்தைத்தான் பார்க்கவேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன், இதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

அந்த இரண்டு மூவாயிரம் போட்டான்கள் தனியாக வருவதில்லை. திருகோணமலை வெயிலில் மணலும் கடலும் மானும் எல்லாமே 905 நனோமீற்றரிலும் பளபளக்கின்றன, வடிகட்டிக் கண்ணாடி போட்டுத் தடுத்தாலும் கொஞ்சம் உள்ளே வந்துதான் தீரும். திரும்பிவரும் வெளிச்சத்தைப் பிடிக்கும் உணரியும் தன் பங்குக்குப் பொய்யாகச் சிணுங்கும். தூரம் கூடக்கூட மானின் எதிரொலி இந்தச் சலசலப்புக்குள் அமிழ்ந்துபோகும். ஒரே ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுக் கேட்டால் எது மான், எது வெயில் என்று எந்தக் கொம்பனாலும் சொல்லமுடியாது. அப்படியிருந்தும் கருவி சொல்லுகிறது. எப்படி?

பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 14 குழி இல்லை, 1000 குழி. ஒவ்வொரு குழியும் ஒரு மீற்றர் தூரத்துக்கான நேரத் துண்டு. துடிப்பு கிளம்பியதும் கருவி குழிகளைக் கடந்து ஓடத் தொடங்கும், உணரி எப்போதெல்லாம் சிணுங்குகிறதோ அந்த நேரத்துக்குரிய குழியில் ஒரு புளியங்கொட்டையைப் போடும். வெயிலின் சிணுங்கல் எந்தக் குழியிலும் விழலாம், அதற்கு இடம்வலம் தெரியாது. ஒவ்வொரு குழியிலும் சராசரியாகப் பத்துத் துடிப்புக்கு ஒருமுறை வெயில் ஒரு கொட்டையைப் போடுகிறது என்று வைப்போம். மானின் எதிரொலியும் பலவீனமானதுதான், அதுவும் பத்துக்கு ஒருமுறைதான் பிடிபடுகிறது, ஆனால் மான் அசையாமல் நிற்பதால் அதன் கொட்டை எப்போதும் 300ஆம் குழியில்தான் விழும்.

100 துடிப்பு அனுப்பியாயிற்று. சாதாரணக் குழிகளில் சராசரி 10 கொட்டை, மானின் குழியில் 20. கண்டுபிடித்துவிட்டோமா? இல்லை. ஆயிரம் குழி இருந்தால் அதில் இரண்டு மூன்று குழியாவது தற்செயலாகவே 20ஐ எட்டியிருக்கும். இப்போதே பதில் சொன்னால் வெயிலை மான் என்று சொல்லும் அபாயம் இருக்கிறது, அதனால் நல்ல கருவி வாய்திறக்காது. இன்னும் அனுப்புகிறது. 400 துடிப்பு. இப்போது சாதாரணக் குழிகளில் சராசரி 40, அது ஆறு ஏழு கூடலாம் குறையலாம், ஒன்றிரண்டு குழி 60ஐத் தொட்டாலும் தொடும். மானின் குழியில் 80! சந்தேகத்துக்கே இடமில்லை. துடிப்பை நான்கு மடங்காக்கியபோது மானின் குவியல் நான்கு மடங்காகிவிட்டது, வெயிலின் தடுமாற்றமோ வர்க்கமூலத்தின்படி இரண்டு மடங்குதான் ஆனது. பொறுமையாக எண்ணிக்கொண்டே போனால் உண்மை மட்டும் குவியும், தற்செயல் பரவிக் கரைந்துவிடும். இந்தக் கணக்கை முதன்முதலாக விளங்கிக்கொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1969 ஜூலையில் அப்பலோ 11 சந்திரனில் வைத்துவிட்டு வந்த தெறிப்புக் கண்ணாடித் தட்டை இன்றைக்கும் இதே உத்தியால்தான் அளக்கிறார்கள். பூமியிலிருந்து போகும் லேசர் கற்றை அங்கே சேரும்போது இரண்டு கிலோமீற்றர் அளவுக்குப் பரந்துவிடும், இரண்டரைச் செக்கன் கழித்துத் திரும்பும்போது ஒரு துடிப்புக்கு ஒரு போட்டான் கிடைத்தாலே பெரிய காரியம். அப்படிக் கொட்டை கொட்டையாகச் சேர்த்துத்தான் சந்திரன் வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப்போகிறது என்று கண்டார்கள்.

சரி, மருமகனின் கைக்கு வருவோம். செக்கனுக்கு ஆயிரம் துடிப்பு அனுப்பும் கருவி 400 துடிப்பு அனுப்பி எண்ண 0.4 செக்கன் எடுக்கும். அதற்குள் கை நடுங்கினால் பாதிக் கொட்டை மானின் குழியிலும் பாதி பின்னாலிருக்கும் பற்றையின் குழியிலும் விழும், இரண்டு குவியலும் பலவீனமாகி, கருவி கோடுகளைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிப் பார்க்கச் சொன்னேன். கிடாய் அதே இடத்தில்தான் நின்றது. பொத்தானை விடாமல் அமத்திக்கொண்டிருந்தான், கோடுகள் வந்தன, பிறகு 287 என்று காட்டியது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

இதற்குள் நாலைந்து பேர் சுற்றிவர நின்றுவிட்டார்கள். அதில் ஒரு ஐயா மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, இது நிலத்துக்குக் கீழ இருக்கிற தங்கத்தையும் காட்டுமோ?" அவர் கேட்டதில் பிழை இல்லை. புதையல் தோண்டப் போய் அகப்பட்டவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது, 'ஸ்கானர்' என்று ஏதோ ஒன்றைக் காட்டிக் காசு பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த லேசர் ஒரு விரற்கடை மண்ணைக்கூடத் துளைக்காது, ஒரு இலை மறித்தாலே போதும், இலையின் தூரத்தைத்தான் சொல்லும் என்று அவருக்குக் காட்டினேன், பற்றை ஒன்றுக்குப் பின்னால் மருமகனை நிற்கவைத்துவிட்டுப் பற்றையைக் குறிபார்த்து அமத்தவும் விட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. இந்த நாடு ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நான் பௌதிகவியல் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மின் துடிப்புகளைத் திரையில் வரைந்து காட்டும் ஒரு அலைவுகாட்டிக்காக வருடக்கணக்கில் கடிதம் எழுதினேன், கடைசிவரை வரவில்லை. ஒரு லேசர் இருவாயி, ஒரு ஒளி இருவாயி, ஒரு அலைவுகாட்டி இருந்தால் உயர்தரப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் நின்றே ஒளியின் வேகத்தை அளந்துவிடுவார்கள். அளந்து பார்த்த பிள்ளையிடம் யாரும் புதையல் மெஷின் விற்கமுடியாது.

இலை மறித்தது என்றேனே, அதுவும் வாங்கும்போது கவனிக்கவேண்டிய விஷயம். பச்சை இலை நம் கண்ணுக்குக் கடும் நிறமாகத் தெரிந்தாலும் 905 நனோமீற்றரில் வெள்ளைச் சுவர்போலப் பளிச்சிடும். அதனால் மானுக்கு முன்னால் நாலு இலை நின்றால் இரண்டு குவியல் உருவாகும், கிட்ட இருக்கும் இலைக் குவியல்தான் பெரிதாகவும் இருக்கும். தூரத்துக் குவியலை எடு என்று கருவிக்குச் சொல்லும் வசதி சிலவற்றில் உண்டு, காட்டில் வேட்டையாடுகிறவன் அது இல்லாததை வாங்கக்கூடாது. தூறல் நேரத்திலும் அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று கற்றையின் வடிவம். குறிபார்க்கும் வட்டத்தைப் பார்த்துவிட்டு லேசரும் வட்டமாகத்தான் போகிறது என்று நினைக்கிறோம். இருவாயியின் ஒளி வரும் வாய் ஒரு மெல்லிய கீற்று, ஆகவே கற்றையும் பட்டையாகவே போகும். கையேட்டில் 2.5 க்கு 0.5 மில்லிரேடியன் (ஒரு மில்லிரேடியன் என்பது ஆயிரம் மீற்றரில் ஒரு மீற்றர் விரிவு) என்று போட்டிருந்தால், 300 மீற்றரில் அது 75 க்கு 15 சென்ரிமீற்றர் பட்டை. இதைக் கண்டுபிடிக்கத் தென்னைமரம் போதும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒரு தனி மரத்தின் தண்டுக்கு இடப்பக்கம் குறியை வைத்து, விடாமல் அமத்தியபடி மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். வானம் எதையும் திருப்பி அனுப்பாது, பட்டை தண்டைத் தொட்டதும் இலக்கம் வரும், விட்டதும் போய்விடும். மேலிருந்து கீழாகச் சோதிக்க ஒரு கூரை முகடு. எங்கள் இரவல் கருவியில் குறி தண்டுக்கு வருவதற்கு நன்றாக முன்பே இலக்கம் வந்துவிட்டது, குறி தண்டின் நடுவில் இருக்கும்போதே போயும் விட்டது. அதாவது லேசர் குறிக்கு வலப்பக்கமாகப் போகிறது. முந்திய நாட்களில் மானின் நெஞ்சைக் குறிபார்த்தபோதெல்லாம் பாதிப் பட்டை மானுக்கு வெளியேதான் போயிருக்கிறது. கடையில் வாங்குவதென்றால் வாசலுக்கு வெளியே வந்து ஒரு விளக்குக் கம்பத்தில் இதைச் செய்து பார்க்காமல் காசு கொடுக்காதே என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரிவைக் கணக்கில் எடுக்கும் வசதி மலையில் கலைமான் வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தேவை. 30 பாகை கீழ்நோக்கி 200 மீற்றர் என்றால் கிடைத்தூரம் 173 தான், குண்டு எவ்வளவு தாழும் என்பது கிட்டத்தட்ட அதைப் பொறுத்தது. அடர்ந்த காட்டில் 100 மீற்றருக்குள் சுடுகிறவனுக்கு அதற்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. வடக்கு நாட்டு இலையுதிர் காலத்தில் விடியலும் அந்தியும் நெடுநேரம் மங்கலாகவே இருக்கும். எல்.சி.டி.யின் கறுப்பு இலக்கம் இருண்ட காட்டுப் பின்னணியில் தெரியாது, சிவப்பில் ஒளிரும் இலக்கம் வேண்டும். வில்லையின் அகலத்தை உருப்பெருக்கத்தால் பிரித்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும், 6 மடங்கு 24 மில்லிமீற்றர் என்றால் 4 மில்லிமீற்றர், அதற்குக் கீழே இறங்கவேண்டாம். மின்கலம் சி.ஆர்.2 போன்ற லிதியமாக இருந்தால் குளிரில் தாக்குப்பிடிக்கும், மேலதிகமாக ஒன்றை உடம்புச் சூட்டில் உட்சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. லேசர் வகுப்பு 1 என்று எழுதியிருக்கவேண்டும், அப்படி இருந்தாலும் ஆட்களின் கண்ணுக்கு நேரே பிடிக்கவேண்டாம்.

மருமகன் இப்போது ஒஸ்லோ திரும்பிவிட்டான். போன கிழமை படம் அனுப்பினான்: மழை இருட்டில் ஒரு விளக்குக் கம்பம், கம்பத்தின் நடுவில் குறி, பக்கத்தில் சிவப்பில் 146. பெட்டியில் 600 மீற்றர் என்று மட்டும் போட்ட கருவியாம், ஆயிரம் போட்டதை விட விலையும் குறைவாம்.