இந்தோ-சாரசெனிக்: தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய கல்லூரிக் கட்டடம் ஒன்றைப் பற்றிய சிறுநூலின் மெய்ப்பு திருத்தத்துக்கு வந்தது. ஆங்கிலேயர் காலக் கட்டடப் பாணி ஒன்றைக் குறிக்க மூலத்தில் ‘இந்தோ-சாரசெனிக்’ என்றிருந்த இடமெல்லாம் தமிழில் ‘இந்திய-இசுலாமியக் கட்டடக்கலை’ ஆகியிருந்தது. இதை எத்தனையாவது முறையாக அடித்துத் திருத்துகிறேன் என்பது எனக்கே நினைவில்லை.

சாரசென் கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் போன சொல். முதலில் அரபுப் பாலைநிலக் குடிகளையும், பின்னர் இடைக்கால ஐரோப்பாவில் முஸ்லிம்கள் எல்லாரையும் குறித்தது; பிறர் இட்ட பெயர்.

அப்படியானால் ‘இசுலாமிய’ என்பதில் என்ன குற்றம்? அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரியவர்கள் இருக்கிறார்கள். குதுப் மினார் முதல் தாஜ்மகால் வரை சுல்தான்களும் முகலாயரும் எழுப்பியவற்றையே இந்திய-இசுலாமியக் கட்டடக்கலை என்கிறோம். இந்தோ-சாரசெனிக்கோ, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் அவற்றின் குவிமாடங்களையும் கூர்வளைவுகளையும் எடுத்து, கோயில் சிற்ப வேலைப்பாட்டையும் சேர்த்து, ஐரோப்பியத் தரைத்திட்டத்தின் மேல் ஏற்றிய பாணி. ராபர்ட் சிஷோம் வரைந்து 1879-இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தைப் பாருங்கள்: மூலைக் கோபுரங்களின் தலையில் குவிமாடம், உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், இடையே பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசுக் கலையின்) சாயல். அவரே வரைந்து 1870-இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரியில் இத்தாலியச் சாயல் தூக்கலாக இருக்கும். வரைந்தவர் ஆங்கிலேயர், கட்டியது ஆங்கிலேய ஆட்சி. ‘இசுலாமிய’ என்று எழுதியவுடன் இந்த வரலாறு முழுவதும் மறைந்துவிடுகிறது.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘இந்திய-சோனகப் பாணி’ எனலாமே என்றார். யவனர் என்பதன் திரிபாகக் கொள்ளப்படும் சோனகரும் அராபியருக்கும் முஸ்லிம்களுக்கும் பிறர் இட்ட பெயர்தான் என்பதால் ஒப்புமை அழகாகவே இருக்கிறது. ஆனால் இலங்கையில் சோனகர் என்பது இன்று வாழும் ஒரு சமூகத்தின் பெயர், அதைச் சிஷோமின் செங்கல் மேல் ஒட்ட முடியாது. ஆகவே ‘இந்திய-சாரசெனியப் பாணி’ என்பதே என் முடிவு. ‘சாரசெனிய’ காதுக்கு அந்நியமாக ஒலிப்பது குறையன்று. பெயரிட்டவரின் பார்வை அந்நியமானது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

‘கட்டிடம்’ வேறு, ‘கட்டடம்’ வேறு என்று ஓர் இகரத்துக்கு மல்லுக்கட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அக்கட்டடம் யாருடையது என்பதில் இவ்வளவு தாராளமாக இருப்பதுதான் விந்தை. திருத்திய மெய்ப்பு நேற்றுத் திரும்பி வந்தது: உள்ளே ‘சாரசெனிய’ சரியாக இருந்தது, அட்டைப் படத்தின் கீழ் மட்டும் ‘முகலாயப் பாணி’ என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.