அரைக் கிலோ எடைக்கல்லும் பதினாறு பிட் இசையும்

வேலூர் லாங்கு பஜாரில் முள்ளுக் கத்தரிக்காய் நிறுக்கும் ஒருவரிடம், ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதியாக 16 எடைக்கற்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றைத் தட்டில் வைத்தும் எடுத்தும் 65,536 வெவ்வேறு அளவுகளைக் காட்டிவிடலாம். சிடியில் 16 பிட் எண்களாகப் பதிந்திருக்கும் இசையை மின்னழுத்தமாக மாற்றும் டேக் (DAC) கருவியும் இதையேதான் செய்கிறது; ஒரு பிட் என்பது ஒரு கல். ஆனால் நொடிக்கு 44,100 முறை, இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் தனித்தனியாகச் செய்கிறது.

முதல் கல் அரைக் கிலோ என்றால் பதினாறாவது கல் சுமார் 15 மில்லிகிராம்தான். ஓர் அரிசியின் எடைகூடத் தேறாது. அரைக் கிலோ கல்லின் ஓரம் தேய்ந்து அதே 15 மில்லிகிராம் குறைந்துபோனால், கடைசிக் கல் இருந்தும் இல்லாததுதான். எடைக்கற்களுக்குப் பதிலாக மின்தடைகளை ஏணிபோல் அடுக்கிச் செய்யும் டேக்குகளின் சங்கடம் இதுவே. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மின்தடை 1 சதவீதம் வரை பிசகலாம், இங்கோ 0.003 சதவீதப் பிசகே கடைசிப் படியை விழுங்கிவிடும். அளந்து பொறுக்கி ஜோடி சேர்த்த மின்தடைகளுக்காகத்தான் இவ்வகைக் கருவிகளில் சில லட்சக்கணக்கில் விலை பேசுகின்றன.

இந்தத் தொல்லையைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை 1962-இல் ஜப்பானில் இனோசே, யசுதா ஆகியோர் காட்டினர். டெல்டா-சிக்மா எனப்படும் அம்முறையில் பல கற்கள் தேவையில்லை. ஒரே கல்லை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வைத்து எடுத்து, சராசரியால் எடையைக் காட்டுகிறார்கள். இப்படி ஒரே கல்லால் தோராயமாகக் காட்டுவதால் எழும் இரைச்சலை, மனிதக் காது எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிவிடுவதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. இன்றைய கைப்பேசி முதல் ஸ்டுடியோ கருவி வரை பெரும்பாலானவை இவ்வழியையே பின்பற்றுகின்றன.

டிஜிட்டல் இசை படிக்கட்டாக உடைந்தது என்று சிலர் அடித்துச் சொல்வதுண்டு. அது உண்மையன்று. ஓர் ஒலியின் உச்ச அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் மாதிரி எடுத்தால், அதாவது அலையின் உயரத்தை அளந்து எண்ணாகக் குறித்தால், முழு அலையையும் திரும்பப் பெறலாம் என்று கணிதவியலர் ஷானன் 1949-இல் நிறுவினார்; டேக்கினுள் இருக்கும் வடிப்பான் அந்தப் படிகளை நீக்கி வழுவழுப்பான அலையையே வெளியே அனுப்புகிறது. ஆனால் எண்கள் சரியான நொடித்துளியில் வந்தாக வேண்டும். 20,000 ஹெர்ட்ஸ் ஒலி முழு வலுவில் ஒலிக்கும்போது, நொடியின் 400 கோடியில் ஒரு பங்கு தடுமாற்றமே ஒரு படி அளவுக்குப் பிழையாகிவிடும் என்பதால், நல்ல கருவியில் படிகக் கடிகாரத்துக்குத் தனிக் கவனம் உண்டு.

24 பிட் என்பது ஏட்டில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 144 டெசிபல் வீச்சு. மின்தடைகளின் வெப்ப இரைச்சலும் பிறவும் குறுக்கிடுவதால் மிகச் சிறந்த கருவிகளும் 130-ஐ ஒட்டியே நின்றுவிடுகின்றன. கத்திரி வெயிலில் அறை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏறினாலும் அவ்வெப்ப இரைச்சல் கூடுவது 0.2 டெசிபல்தான், வேலூர் வெயிலைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மின்விசிறி சுழலும் அறையில் அடிப்படை இரைச்சலே ஏறத்தாழ 40 டெசிபல் இருக்கும். அதன்மேல் 16 பிட் தரும் 96 டெசிபலைச் சேர்த்தால் 136. 120-ஐத் தாண்டினாலே காது வலிக்கும். வீட்டில் கேட்பவருக்கு 16 பிட்டே போதும் என்பதே என் கணிப்பு. எஞ்சிய நுணுக்கம் ஓசையடங்கிய ஸ்டுடியோ அறையில், ஒலிப்பதிவின் மெல்லிய குறைகளைத் தேடும் காதுக்கே பயன்படும்.

சத்துவாச்சாரியில் என் அறையில் இசையைக் கெடுத்தது இவற்றில் எதுவுமன்று, 50 ஹெர்ட்ஸ் உறுமல். கணினிக்கு ஒரு பிளக், ஆம்ப்ளிஃபயருக்கு எதிர்ச்சுவரில் இன்னொரு பிளக். இரண்டின் எர்த்தும் டேக்கின் கம்பி வழியே வளையமாகச் சேர்ந்து, அதில் ஓடிய சிறு மின்னோட்டம் ஸ்பீக்கரில் முனகியது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதும் பெரும்பகுதி அடங்கியது. கணினியிலிருந்து டேக்குக்கு ஒளியிழைக் கேபிள் போட்டதும் மிச்சமும் நின்றது. அந்த இழையில் ஒளி போகுமே தவிர, மின்சாரம் போகாது.