அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ், பெல்ஜியத்தின் தெற்கே வலோனியா, ருமேனியாவின் தெற்கே வாலாக்கியா. ஒரு ஊர்க்காரர் பேசுவது இன்னொரு ஊர்க்காரருக்குப் புரியாது. ஆனால் மூன்று பெயர்களுக்கும் வேர் ஒன்றுதான். அதுவும் அக்கம்பக்கத்தார் வைத்தது.

அந்த வேர் வோல்கே என்ற, பண்டைய ஐரோப்பாவின் கெல்டிக் இனக்குழுவின் பெயர் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. இவர்களில் ஒரு பிரிவினர் ஜெர்மானியர் நடுவே வாழ்ந்ததை கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். ஜெர்மானியர் அந்தப் பெயரை 'வல்ஹ' என்று மாற்றி, கெல்டியர் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள்.

'க' எப்படி 'ஹ' ஆனது? ஆங்கிலம், ஜெர்மன் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் பழைய ககரம் ஹகரமாகத் தேய்ந்தது. கொம்பு லத்தீனில் 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. ஒகரமும் அகரமாயிற்று: எட்டு லத்தீனில் 'ஒக்டோ', ஜெர்மனில் 'அஹ்ட்'. மெய்யொலிகளின் இந்தப் போக்கை 1822இல் விதியாக வகுத்தவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். ஓர் இரவல் சொல்லில் இந்தத் தேய்மானம் தெரிந்தால், மாற்றம் ஓயும் முன்பே அது உள்ளே வந்துவிட்டது என்று பொருள். ஏட்டில் ஏறாத காலத்துச் சொல்லுக்கும் இப்படித்தான் வயது கணிக்கிறார்கள்.

கெல்டியரின் நிலங்கள் ரோமானியர் கைக்குப் போனதும், லத்தீன் பேசுவோரும் 'வல்ஹ' ஆனார்கள். இன்றைய பிரான்ஸ் பகுதியான காலியாவிலிருந்து வந்த கொட்டைக்கு 'வால்நட்' என்று பெயர் விழுந்தது. நம்ம ஊர் வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரிட்டனில் கதை கசப்பானது. வந்து குடியேறிய ஜெர்மானியரான ஆங்கிலோ-சாக்சன்கள், அங்கேயே இருந்தவர்களை இதே 'வல்ஹ' சொல்லால் அயலார் என்றார்கள். நாளடைவில் அதே சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் ஏறியது. வேல்ஸ் மக்களோ தங்களை 'கம்ரி' என்கிறார்கள். ஒரே நாட்டார் என்பது அதன் மூலப்பொருள்.

கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவியரும் 'வல்ஹ' என்ற சொல்லை இரவல் வாங்கினார்கள். போலந்தில் இத்தாலிக்கு இன்றும் 'வ்வோஹி' என்றே பெயர். ஸ்லாவியரிடமிருந்து பெற்ற ஹங்கேரியர், ஒன்றை இரண்டாக்கினார்கள்: 'ஒலஸ்' இத்தாலியர், 'ஒலாஹ்' ருமேனியர். பின்னது இன்று மரியாதைக் குறைவான பழஞ்சொல். பால்கனின் சில பகுதிகளில் இதே சொல் ஆட்டிடையரையும் குறித்தது.

சுவிட்சர்லாந்தின் ஜெர்மன்காரர்கள் நாட்டின் பிரெஞ்சுப் பகுதியை இப்போதும் 'வெல்ஷ்லாண்ட்' என்கிறார்கள். தலையும் காலும் புரியாத பேச்சுக்கு ஜெர்மனில் 'கவுடர்வெல்ஷ்'.